மக்கின்னன் கணவாய்க்கு விண்டி வழிகாட்டுமா?

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானதும் தமிழ்நாட்டில் பலர் திறந்து பார்ப்பது விண்டி செயலியை. செக் நாட்டுக்காரர் ஈவோ லுகாச்சோவிச் 2014இல் தொடங்கியது. காற்றுக் கோடுகள் இடஞ்சுழியாகச் சுற்றுவது நமக்குப் பழகிப்போன காட்சி. வரைபடத்தை நியூசிலாந்து வரை இழுத்தால் அதே தாழ்வழுத்தம் வலஞ்சுழியாகச் சுற்றும்.

மாறுவது அது மட்டுமல்ல. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், தெற்கு பார்த்த சரிவுகளில்தான் பனி உருகாமல் கிடக்கும். நம் மார்கழிக் குளிர் அவர்களுக்குக் கோடை. டே அனாவ் ஊரில் டிசம்பர்ப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும், ஜூனில் 9 மணி நேரம்கூட இராது. பிள்ளைகளின் முழுப்பரீட்சை விடுமுறையை நம்பி மே மாதத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 53.5 கிலோமீட்டர் நீளமுள்ள மில்ஃபர்ட் நடைபாதையின் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரலோடு முடிகிறது. பிறகு பனிச்சரிவு அடித்துப்போகக்கூடிய பாலங்களையே கழற்றி வைத்துவிடுவார்கள்.

விண்டியில் இது எதுவும் தெரியாது. எந்த மாதம் போகலாம் என்று அதனிடம் கேட்கக் கூடாது; அதன் பார்வை சுமார் பத்து நாள்தான்.

மாதம் முடிவான பிறகு செயலி தன் திறமையைக் காட்டுகிறது. ஓரத்திலுள்ள உயரப் பட்டியை 1,500 மீட்டருக்கு நகர்த்தினால், டே அனாவில் இலைகூட அசையாத நாளில் மேலே காற்று சீறுவது தெரிகிறது. மில்ஃபர்ட் நடைபாதை கடக்கும் மக்கின்னன் கணவாயின் உயரம் 1,154 மீட்டர். அதைவிட முக்கியமானது உறைநிலை உயரத்தைக் காட்டும் அடுக்கு. பனித்திவலைகள் உருகுமுன் சில நூறு மீட்டர் இறங்கிவிடும் என்பதால், உறைநிலை 1,400 மீட்டருக்கு வந்தாலே கணவாயில் பனி விழலாம். ஜனவரியிலும் அது நடக்கும். டாஸ்மன் கடலின் ஈரக்காற்று தென் ஆல்ப்ஸில் மோதுவதையும் திரையில் தெளிவாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மில்ஃபர்ட் சவுண்ட் அந்த மோதலின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது.

குறை, கட்டத்தின் அளவில். விண்டி முதலில் காட்டும் ஐரோப்பிய மாதிரி, 9 கிலோமீட்டர் சதுரங்களாக நிலத்தைப் பிரிக்கிறது. கிளின்டன் பள்ளத்தாக்கின் அடியும் அதன் மேலுள்ள முகடும் ஒரே சதுரத்தில் சராசரியாகிவிடுகின்றன. 3,724 மீட்டர் உயரமுள்ள அவுராக்கி சிகரத்தைத் தொட்டுப் பார்த்தாலும் இதே கதைதான். வெப்பநிலை உச்சிக்குரியதாக இராது. உயரே போகப்போக ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நியூசிலாந்தின் மெட்சர்வீஸ் தேசியப் பூங்காக்களுக்கெனத் தனியே தரும் மலை வானிலை அறிக்கையையும் சேர்த்துப் படிப்பது கட்டாயம்.

விண்டிக்குக் கட்டணம் கட்டினால் முன்னறிவிப்பின் மூன்று மணி நேர இடைவெளி ஒரு மணி நேரமாகச் சுருங்கும். இந்த நடைக்கு அது தேவையில்லை. வழியில் கைப்பேசி சிக்னல் கிடையாது. கணவாயைக் கடப்பதோ மூன்றாம் நாள். பருவத்தில் குடில்களுக்கு முன்பதிவு செய்த தேதியில், ஒரே திசையில், நான்கே நாளில் நடந்து முடிக்க வேண்டும் என்பதால் மழைக்காக ஒரு நாள் தங்கவும் வழியில்லை. புறப்படும் முன்னிரவு டே அனாவில் விண்டியைப் பார்த்து, உறைநிலை இறங்குவதாகக் காட்டினால் கம்பளித் தொப்பியும் இரண்டாவது ஜோடிக் கையுறையும் பைக்குள் போகட்டும். அதன்பின் மாலைதோறும் குடிலில் வனக்காவலர் சொல்லும் வானிலையைக் கேட்டு நடக்கலாம்.