தலைக்கணக்கு சரி, அறைக்கணக்கு?

ஆஸ்திரேலியாவின் குழந்தைகள் காப்பக விதிகளைப் பலரும் முன்மாதிரி என்கிறார்கள். 2012இல் வந்த தேசியத் தரக் கட்டமைப்பு அது. 2 வயதுக்குள் 4 குழந்தைக்கு ஓர் ஊழியர். 3 வயதைத் தாண்டினால் பல மாநிலங்களில் 11 பேருக்கு ஒருவர். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் இந்த விகிதம் அறைவாரியாக இல்லை. காப்பகம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. 8 கைக்குழந்தைகள், 22 பெரிய பிள்ளைகள் என்றால் 4 ஊழியர் போதும். அதில் 3 பேர் பெரியவர்களிடம் போய்விட்டால், 8 கைக்குழந்தைக்கு ஒருத்தர்தான். விகிதம் அப்பவும் சரியாவே இருக்கும். போதிய கண்காணிப்பு வேண்டும் என்று தனி விதி உண்டு. 'போதிய' என்பதற்கு எண் கிடையாது.

தகுதியிலும் இதே கதைதான். பாதிப் பேருக்கு டிப்ளமோ வேண்டும். ஆனால் டிப்ளமோ படித்துக்கொண்டிருப்பவரும் அந்தப் பாதியில் சேர்த்தி. வேலை செய்துகொண்டே படிக்க வழி வேண்டும், ஒத்துக்கறேன். அதற்காக, படித்து முடித்தவரின் இடத்தில் அவரை எண்ணுவதா? அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்கும் கை நிறையக் குழந்தைகள் இருக்குமே.

பெற்றோர் பிள்ளையை விட்டுட்டுப் போவது ஓர் அறையில். எண்ணிக்கையையும் அறைவாரியாக எடுக்கட்டும். படிப்பவர்களைத் தனிக் கணக்கில் காட்டட்டும். முன்மாதிரி என்பதை அப்புறம் பேசலாம்.