பேக்கரின் கணக்கும் ரசிகர்களின் சுவரும்

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைப் பற்றிக் கட்டடக்கலை மாணவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கு இப்போது ஓர் அச்சே உருவாகிவிட்டது. காந்தியைச் சந்தித்தது, பித்தோராகட் மலைவாசம், திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம், பூசாத செங்கலில் விழும் வெயில். அண்மையில் படித்த ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், ஏழைகளுக்கு வீடு கட்ட இன்றும் பேக்கர் வழி ஒன்றே வழி என்று சாதித்தது. மாணவரின் பக்தியில் எனக்குக் குறையில்லை. இந்த முடிவில்தான் உடன்பாடில்லை.

பேக்கர் பெரிய கலைஞர். மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தவர். திருவனந்தபுரம் தம்பானூர் காபி ஹவுஸில் சுழன்றேறும் சரிவிலேயே மேசை போட்டு ஊரை உட்காரவைத்தவர். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட் பெரும்பாலும் வீண் சுமை என்று கண்டு, அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை வைத்த ஃபில்லர் ஸ்லாப் எந்தக் காலத்திலும் புத்திசாலித்தனம்தான்.

என் பழைய புகார் அவருடைய சுவரைப் பற்றியது. அவர் கையாண்ட எலிப்பொறிக் கட்டில் செங்கலைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்துவார்கள். இருபுறமும் மும்மூன்று அங்குலம், நடுவே மூன்று அங்குல வெற்றிடம். ஒன்பது அங்குலச் சுவரில் கால்பங்கு செங்கல் மிச்சம். ஆனால் கொத்தனார் கரண்டியைக் கொஞ்சம் அலட்சியமாகத் தட்டினால் கலவை உள்ளே விழுந்து வெற்றிடம் அடைபடும். வெளியே தெரியும் முகமென்பதால் மூளி இல்லாத கல்லாகப் பொறுக்க வேண்டும், இணைப்புகளை ஒரே சீராக வழித்துவிட வேண்டும். மின்கம்பிக்குப் பிற்பாடு காடி வெட்டினால் சுவரே பொத்தலாகும். எல்லாவற்றையும் முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். செங்கல்லில் மிச்சம் பிடித்ததை ஆள்கூலியில் விடுகிறோம்.

எழுபதுகளில் இது லாபமாக இருந்ததற்குக் காரணம் உண்டு: சிமென்ட் அரிது, கை மலிவு. பூச்சை விட்டதில் மிஞ்சிய காசு உண்மையான காசு. இன்று ரிசர்வ் வங்கிக் கையேட்டின்படி கேரளக் கிராமத்துக் கட்டடத் தொழிலாளியின் நாள்கூலி 2022-23இல் 850 ரூபாயைத் தாண்டிவிட்டது. நாட்டின் சராசரி அந்த ஆண்டு 400ஐக்கூடத் தொடவில்லை. விடை அப்படியே இருக்க, கணக்கின் எண்களெல்லாம் மாறிவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதி வீடு கட்டுகிறவர்களுக்கு ‘பேக்கர் ஸ்டைல்’ பிடித்துப்போனதில் வியப்பென்ன? பூசாத செங்கல் இப்போது வசதியின் அடையாளம். சூழலுக்கு உகந்தது என்ற பட்டமும் கூடவே வருகிறது, சூளையில் எரிந்த விறகை யாரும் கேட்பதில்லை. செங்கல் சுட எரிபொருள் செலவாகிறது என்பதை உணர்ந்து மண் கட்டுமானத்துக்காகத் தனிச் சிறுநூலே எழுதியவர் பேக்கர். ரசிகர்களுக்கு அந்தப் பேக்கர் தேவைப்படவில்லை.

பேக்கரும் சேர்ந்து 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் கொத்தனார்களைப் பழக்கியதே என்பார்கள். உண்மை. ஆனாலும் அவருடைய முறை சைட்டில் அவர் நிற்பதை நம்பியே இருந்தது. பழைய காகிதத்தின் பின்புறத்தில் வரைந்து, மேஸ்திரியோடு பேசிப் பேசி, எழும்பிய சுவரைப் பார்த்து மாற்றி... அழகான முறைதான். ஆயிரம் வீடு வேண்டிய இடத்தில் அப்படி நிற்க ஆயிரம் பேக்கருக்கு எங்கே போவது? ஆள் இல்லாவிட்டால் நடக்காத முறையை ஏழைகளுக்கான தீர்வு என்று பேசுவது, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏழைகளை வைத்து அழகியல் பேசுவதுதான்.

கேரள அரசின் லைஃப் திட்டத்தில் வீடு கட்டக் கிடைப்பது நான்கு லட்சம் ரூபாய். அதை வைத்துக் கட்டும் குடும்பம் சிமென்ட் பிளாக்கைக் கேட்டால் மாணவர் முகம் சுளிப்பார். அந்த ஒரு பிளாக் பல செங்கல்லின் இடத்தை அடைக்கும், சாதாரணக் கொத்தனாரே சுவரைச் சீக்கிரம் ஏற்றிவிடுவார், ஆணி அடிக்கவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.