துரிசில் நனைத்த கத்தி

இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் மழைக்காலத்து அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பார்கள். துரிசு (தாமிர சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். கலக்கியதும் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் தாமிர அயனி இன்னும் அடங்கவில்லை, தெளித்தால் செடி கருகும், கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள். பள்ளிக்கூடம் பார்க்காதவர்களும் செய்யும் அயனிச் சோதனை இது.

அதே துரிசு தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிப் பிள்ளைகளின் பிளஸ் டூ ஆய்வகத்தில் பெயர் எழுதாத பொட்டலமாக வருகிறது. நீல நிறத்தைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிடும். பிறகு நடப்பதெல்லாம் அந்த விடைக்குப் பொருத்தமான படிகளை மனப்பாடத்திலிருந்து எழுதுவது. பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டுப் பிளஸ் டூவில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டும் மாணவருக்கு யோசிப்பதைவிட மனப்பாடம் எளிது. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆனாலும் உப்பிலுள்ள அயனிகளைக் கண்டறியும் இந்த ‘சால்ட் அனாலிசிஸ்’ ஒரு வெற்றுச் சடங்கு, அதை எடுத்தே விடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1841இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெசீனியஸ் வெளியிட்ட பகுப்பாய்வு நூலின் வழியில் வளர்ந்த, அயனிகளைத் தொகுதிகளாகப் பிரித்தறியும் இந்தத் தொகுதி முறை உண்மையில் அழகானது. அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் தாமிரம் கறுப்பாகப் படியும். துத்தநாகம் கரைசலிலேயே நிற்கும். காரணம், அமிலம் சல்பைடு அயனியின் அளவைக் குறைத்துவிடுகிறது. அம்மோனியா சேர்த்துக் காரமாக்கினால் அந்த அளவு கூடும். அப்போது துத்தநாகம் வெள்ளையாகப் படியும். கரைதிறன் பெருக்கம், பொது அயனி விளைவு எனப் புத்தகத்தில் காய்ந்து கிடக்கும் சூத்திரங்கள் சோதனைக்குழாயில் கண்ணெதிரே நடப்பது இங்கேதான். ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி உண்மையை நெருங்கும் ஒழுங்கைப் பள்ளியில் இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் செய்முறை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் சோதனை எதைக் காணாது என்பதைப் பள்ளி சொல்வதில்லை.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. அக்கம்பக்கத்துக் கிணற்று நீர் கெட்டது. ஆலைக் கழிவு உரம் என்ற பெயரில் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. 2003இல் பிபிசி வானொலி அந்தக் கழிவை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதிக்க வைத்தபோது ஈயமும் காட்மியமும் தெரிய வந்தன. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அயனியை அடையாளம் காண்பது ஊரின் வாழ்வுப் பிரச்சினையாக மாறிய இடம் அது. ஆனால் என்சிஇஆர்டி செய்முறைப் பட்டியலில் ஈயம் உண்டு, காட்மியம் இல்லை.

பட்டியலில் இருக்கும் ஈயமும் கைகொடுக்காது. முதல் தொகுதியில் ஈயத்தை வீழ்படிவாக்குவது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆனால் ஒரு லிட்டர் குளிர்நீரிலேயே ஏறக்குறைய 10 கிராம் ஈயக் குளோரைடு கரைந்துவிடும். குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இடைவெளி ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு. கிணற்று நீரில் அமிலத்தை ஊற்றி, வீழ்படிவு வரவில்லை, ஆகவே ஈயம் இல்லை என்று ஒரு மாணவர் எழுதினால் தேர்வுத்தாளில் அது சரி. கிணற்றடியில் ஆபத்து.

சித்தூர்ப் பகுதியின் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஃபுளோரைடு பழைய தலைவலி. வெள்ளி நைட்ரேட் சேர்த்தால் குளோரைடு வெள்ளையாகவும் புரோமைடு இளமஞ்சளாகவும் அயோடைடு மஞ்சளாகவும் படியும். வெள்ளி ஃபுளோரைடு நீரில் கரையும் என்பதால் ஃபுளோரைடு மட்டும் சத்தமில்லாமல் நழுவிவிடும். அதுவும் பட்டியலில் இல்லை. பல்லில் கறையோடு ஆய்வகத்துக்கு வரும் பிள்ளை அந்தக் கறைக்குக் காரணமான அயனியைத் தவிர மற்ற மூன்றையும் தேடுகிறது!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சோதனை முடிந்ததும் ஈயம், பேரியம் கலந்த கரைசல்கள் தொட்டியில் கொட்டப்பட்டால் அவை கடைசியில் போய்ச் சேர்வதும் மண்ணுக்குத்தான். ஆலைக்கு ஒரு நியாயம், ஆய்வகத்துக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது. தனி ஜாடியில் சேர்த்து வைக்கப் பழக்குவதற்குப் பெரிய செலவு ஆகாது.

ஆகவே தொகுதி முறை இருக்கட்டும், பொட்டலங்கள் குறையட்டும். அதில் மிச்சமாகும் நேரத்தில் இடுக்கிப் பிள்ளைகள் போர்டோ கலவையைச் சோதிக்கட்டும். சித்தூர்ப் பிள்ளைகள் வீட்டுக் கிணற்று நீரில் கால்சியத்தையும் குளோரைடையும் பார்க்கட்டும். ஃபுளோரைடுக்குச் சாயச் சோதனைப் பெட்டியைக் கையில் கொடுக்கலாம். அறிக்கையின் கடைசி வரியில் ‘இந்த முறையால் இதற்குக் குறைவான அளவைக் காண முடியாது’ என்று எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.