பட்டினி கிடப்பதும் பட்டினி போடுவதும்

சென்ற மாதம் எங்கள் ஊரில் நண்பர்கள் கூடி பயாஃப்ராப் போரின் புகைப்படங்களைப் பார்த்தோம். ஊதிய வயிறு, ஈர்க்குச்சிக் கால், செம்பட்டையாகிப்போன முடி. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பேச வந்த கவிஞர் 'பஞ்சத்தின் கோர முகம்' என்றார். "பஞ்சம்ங்கிறீங்களே, அங்க என்ன மழையா பொய்ச்சுது?" என்று கேட்டேன். "அது கவிதை மொழி தோழர்" என்றார். இந்தக் கவிதை மொழியைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

1967 மே மாதம் நைஜீரியாவின் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று தனிநாடு அறிவித்துக்கொண்டது. ஜூலையில் போர். மத்திய அரசு முற்றுகை போட்டது. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் விழுந்ததும் கடல்வழி முற்றாக அறுந்தது. அந்த மண்ணில் விளைவது சேனைவள்ளியும் மரவள்ளியும். வயிறு நிறையும், புரதம் சொற்பம். வடக்கிலிருந்து வந்த மாடும் பயறும், நார்வேயிலிருந்து கப்பலில் வந்த உலர்மீனும்தான் அந்தக் குறையை ஈடுகட்டி வந்தவை. முற்றுகை அறுத்தது இந்த வழிகளை. வளரும் உடம்புக்குத் தேவை அதிகம். அம்மை கண்டால் மீளத் தெம்பும் இல்லை. முதலில் விழுந்தவர்கள் குழந்தைகள்.

அந்த வீக்கத்துக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் க்வாஷியோர்கர். கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் அங்குள்ள கா மொழியிலிருந்து எடுத்து 1935இல் எழுதிய சொல். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட மூத்ததற்கு வரும் நோய் என்று பொருள். நம்மிடமும் 'சவலைப் பிள்ளை' இருக்கிறதே, அதேதான். இந்தச் சொற்களுக்குள் ஓர் உறவு இருக்கிறது, காரணம் இருக்கிறது. யார் வந்ததால் யார் விலக்கப்பட்டார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

புகைப்படம் இதைத்தான் வெட்டிப்போடுகிறது. சட்டகத்துக்குள் குழந்தை மட்டும். பயாஃப்ராவில் குழந்தையைச் சவலையாக்கியது தம்பியோ தங்கையோ அல்ல, முற்றுகை. அது சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. பயாஃப்ராத் தலைமையையும் சும்மா விட முடியாது. ஜெனீவாவில் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தி இதே வயிறுகளை உலகுக்குக் காட்டியது அது. உணவு தரைவழியாக வரும் யோசனைகளை மறுத்தது. ஊலி ஓடுதளத்தில் இரவில் நிவாரண விமானமும் ஆயுத விமானமும் அடுத்தடுத்து இறங்கின. ஒரு அதிகாரம் அந்த வயிற்றை ஆயுதமாக்கியது, இன்னொன்று சாட்சியமாக்கியது. குழந்தைக்கு இரண்டிலும் சோறில்லை.

இதே போரிலிருந்து வந்தது சினுவா அச்சிபியின் 'அகதித் தாயும் குழந்தையும்' கவிதை. அதில் ஒரு தாய், சாகப்போகும் பிள்ளையின் துருநிறத் தலைமுடியைச் சீவிவிடுகிறாள். அவ்வளவுதான். முற்றுகை அதிலும் இல்லை என்பது உண்மை. ஆனாலும் அந்தத் தாய்க்கு ஒரு வினை இருக்கிறது. அவள் வெறும் காட்சிப்பொருளாகக் கிடக்கவில்லை.

வினை என்று சொன்னது இலக்கணக்காரனின் பழக்கத்தால்தான். தமிழில் 'பட்டினி கிடந்தார்கள்' என்றும் சொல்லலாம், 'பட்டினி போட்டார்கள்' என்றும் சொல்லலாம். முதலாவதில் குற்றவாளி கிடையாது. இரண்டாவதைச் சொன்ன மாத்திரத்தில் 'யார்?' என்ற கேள்வி வந்து நிற்கும். 'பஞ்சம்' என்ற சொல்லாடல் நம்மை எப்போதும் முதலாவதிலேயே உட்கார வைக்கிறது.

1970 ஜனவரியில் போர் முடிந்தது. உடம்பில் முடியவில்லை. போர்க் காலத்தில் சிறுமிகளாக இருந்தவர்கள் வளர்ந்த பிறகும் உயரம் குறைந்தே இருந்ததைப் பொருளியலாளர்களின் ஆய்வொன்று 2012இல் காட்டியது. குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறைகள் 1977இல் தடை விதித்தன. சட்டத்துக்கேகூட அந்த இரண்டாவது வினை புரிந்துவிட்டது.

2025 ஆகஸ்டில் காஸாவில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்ட பிறகு நண்பர்கள் என்னிடம் படிக்கக் கொடுத்த கவிதைகளில் எலும்பு இருந்தது, கண் இருந்தது, காலித் தட்டு இருந்தது. ஒன்றிலும் எழுவாய் இல்லை. கண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழுதுகொண்டேகூட எழுதுங்கள். வாக்கியத்தை மட்டும் முழுசாக எழுதுங்கள்.