இரண்டு ஸ்வரமும் ஒரு ஜோடிச் செருப்பும்

பங்க் குழு பஸ்காக்ஸின் 'போர்டம்' பாட்டுல என்ன பிடிக்கும்னு கேட்டா, ரசிகர்கள் முதல்ல சொல்றது அந்த கிட்டார் சோலோவைத்தான். சோலோன்னு சொல்றதே கொஞ்சம் தாராளம். பீட் ஷெல்லி இரண்டே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். 1977 ஜனவரியில் கடன் வாங்கிய பணத்தில் இந்த மான்செஸ்டர் பையன்கள் தாங்களே வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' இசைத்தட்டில் இருக்கிறது. சலிப்பைப் பற்றிய பாட்டில் சலிப்பூட்டும் சோலோ, நல்ல வேடிக்கைதான். ஆனா எனக்கு அதுதான் பாட்டின் வாதமே என்று படுகிறது. வித்வத்தைக் காட்டவேண்டிய இடத்தில் யாரும் வாசிக்கக்கூடிய ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்க நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவங்களுக்கு இந்த ருசி புதுசில்லை. முத்துப்பட்டன் கதையில் சண்டை, சாவு, தீப்பாய்தல் எல்லாம் உண்டு. மனசில் ஒட்டுவது என்னவோ, பிராமணப் பையன் பூணூலை அறுத்துப்போட்டு, வாலப்பகடையின் மகள்களைக் கட்டுவதற்காகச் செருப்புத் தைக்கிற இடம். சாதியைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் வேண்டாம். ஊசியும் தோலும் போதும்.

பின்னால் கதையைத் திருத்தியவர்கள், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்று சேர்த்தார்கள். நா. வானமாமலை இந்த இடைச்செருகலைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்களின் பிறப்பை மாத்தினாங்க. செருப்பை எடுக்க முடியலை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனுக்கு இன்றைக்கும் காணிக்கை செருப்புதான். கட்டிவிட்டுப் போன புதுச் செருப்பு அடுத்த வருஷம் தேய்ஞ்சிருக்கும், சாமி போட்டு நடக்கிறார்னு சொல்லுவாங்க.