தலைவர் நாற்காலியும் கிராம சபையும்

தென்காசி தனி மாவட்டமாகி இரண்டாண்டு நிறையுமுன், 2021 அக்டோபரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், கடையம் ஒன்றியத்து வெங்கடாம்பட்டி மக்கள், இருபது வயதைச் சற்றே கடந்திருந்த பொறியியல் பட்டதாரியான சாருகலாவை ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது, அச்செய்தி எங்கும் வியப்போடு பேசப்பட்டது. சட்டசபைக்கு 25 வயது கேட்கும் அரசியல் சாசனம் ஊராட்சிக்கு 21 வயதே போதுமென்று 73ஆவது திருத்தத்திலேயே விதித்திருக்க, அந்த வியப்பு நம் பழக்கத்தின் குறையையே காட்டியது.

பழைய பகைகளிலும் கொடுக்கல் வாங்கலிலும் அதிகம் சிக்காதவர், கணக்குக் கேட்கக் கூசாதவர், அதிகாரிகள் முன் கைகட்டி நிற்கப் பழகாதவர் என்பவை இளையவரின் பலம். ஆயினும் கையொப்பம் இளையவருடையதாகவும், முடிவு பின்னால் நிற்கும் பெரியவருடையதாகவும் ஆகிவிடும் அபாயம் உண்டு. அதனினும் பெரிய தீங்கு, ஒருவரை நாற்காலியில் அமர்த்தியதோடு இளைய தலைமுறைக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்று ஊர் திருப்தியடைந்துவிடுவது.

வாக்குரிமை வயது 18 ஆனபின், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொரு இளைஞரும் கிராம சபையின் அங்கத்தினரே. ஆனால் சபை கூடும் நாளில், முன்வரிசை நாற்காலிகளில் பெரியவர்களும், விரிப்பில் நூறுநாள் வேலைக்குச் செல்லும் பெண்களும் அமர்ந்திருக்க, கல்லூரிப் பிள்ளைகள் மரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்று, கையெழுத்து நோட்டு வந்ததும் ஒப்பமிட்டுக் கலைவதைப் பல ஊர்களில் காணலாம். முன்பே எழுதிவைத்த தீர்மானத்தை வாசிக்கக் கேட்பதற்கு அவர்கள் எதற்காக உட்கார வேண்டும்? பேசத் தெரிந்த பலரோ பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள்.

பதினெட்டுக்குக் கீழோர் நிலை இன்னும் பரிதாபம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் கொண்டுபோன உயிர் 17 வயது மாணவனுடையது. அருவிக்கரையின் எச்சரிக்கையையும் குளிக்கும் நேரத்தையும் பற்றி அந்த வயதினரின் அபிப்பிராயத்தைக் கேட்க நம்மிடம் ஒரு மன்றமில்லை. மலைக்கு அப்பால் கேரளத்திலோ குடும்பஸ்ரீ என்னும் மகளிர் சுயஉதவி இயக்கத்தின் பாலசபைகள் சிறுவரைக் கூட்டிவைத்துப் பேசச் செய்கின்றன.

ஆண்டுக்கு ஆறு நாள் கூடும் கிராம சபையில் ஒருநாளேனும், வரவு செலவுக் கணக்கை ஒரு வாரம் முன்பே ஊர்ப் பிள்ளைகள் கையில் கொடுத்து, முதற் கேள்வியை அவர்களே கேட்கும்படி ஊராட்சித் தலைவர்கள் செய்ய வேண்டும்.