சுவரில்லாத வீடும் சுவர் தேடும் கலையும்

மும்பை விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தோடு 2014இல் 'ஜய ஹே' கலைத்தொகுப்பும் திறந்தது. வடிவமைப்பாளர் ராஜீவ் சேத்தியின் பொறுப்பில் நாடெங்குமிருந்து 5,000க்கும் மேற்பட்ட படைப்புகள் சுவரேறின. ஓட்டல், அலுவலகம், மருத்துவமனை எனக் கட்டடங்களுக்குள் கலை செய்து தரும் வடிவமைப்பு நிறுவனங்களுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. கைவினைஞருக்கு ஒரே இடத்தில் இவ்வளவு வேலை கிடைப்பது அரிது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சுவரைக் கடப்பவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர். நின்று பார்க்க வேண்டிய நுணுக்கத்தை ஓடுகிறவர் முன்னால் வைத்தது திட்டத்தின் கோளாறு. டெல்லி மூன்றாம் முனையத்தில், குடியேற்றச் சோதனை வரிசைக்கு மேலே நீளும் முத்திரை காட்டும் கைச் சிற்பங்கள் எண்ணிக்கையில் சொற்பம். வரிசையில் காத்திருப்பவர் அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும் என்பதால் மனதில் நிற்கின்றன.

இடப்பொருத்தத்தைவிட ஆழமான குறை ஒன்று உண்டு: கலை என்றால் சுவரில் மாட்டுவது என்ற எண்ணம். கார் நிக்கோபார் தீவின் பழைய வட்டக் குடிசையில் படம் மாட்டச் சுவரே கிடையாது. உயரமான தூண்கள், அவற்றின் தலையில் எலி ஏறாமலிருக்க வட்டப் பலகைகள், மேலே கவிழ்த்த தேன்கூடுபோலப் புல்வேய்ந்த கூரை. தரையில் விட்ட திறப்பு வழியாக ஏணியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அலங்காரம் என்று பிரித்தெடுக்க அதில் ஒன்றுமில்லை. வளைவும் கட்டும் வேய்ச்சலுமே அழகு. 'நிக்கோபார் பாணியில் ஒரு சுவர்' என்று கேட்டால் நிறுவனம் என்ன தரும்? குடிசையின் கோட்டுருவம், ஒரு தென்னை, ஒரு ஹோடிப் படகு. உருவம் வந்துவிடும், கைத்திறன் வராது. அந்தமான் நிக்கோபார் தலைநகரான போர்ட் பிளேரில் 2023இல் சுமார் 710 கோடி ரூபாயில் திறந்த விமான முனையத்துக்குச் சிப்பி வடிவம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிப்பி எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும்.

விமான நிலையத்துக்குப் புல்லா வேய முடியும், தீயணைப்பு விதி விடுமா என்று கேட்பார்கள். விடாதுதான். ஆனாலும் பெங்களூரின் இரண்டாம் முனையம் கூரையின் உட்புறத்தையே மூங்கிலால் மூடியிருக்கிறது. அது ஆலையில் பதப்படுத்திய மூங்கில், கிராமத்துக் கைவேலை அல்ல. இருந்தும் விதிகளுக்குள் வழி உண்டு என்பதற்குச் சான்று. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி வெளியார் நினைத்தபடி கார் நிக்கோபாருக்குள் போக முடியாது, பிறகு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது? அதனால்தான் வேலையின் வரிசை மாற வேண்டும். கட்டடம் முடிந்தபின் காலிச் சுவரை அளந்து விலை சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். வரைபடம் போடும்போதே பழங்குடியினர் கவுன்சிலிடம் கேட்டு, சம்மதம் கிடைத்தால் பாய் பின்னுகிறவருக்கும் கூரை வேய்கிறவருக்கும் பெயரும் கூலியும் ஒப்பந்தத்திலேயே எழுதுவது மாற்று வழி. செலவு கூடும், நாள் இழுக்கும். 2004 சுனாமிக்குப் பின் கார் நிக்கோபாரில் தகரக் கூரையோடு வந்த செவ்வக வீடுகளில் இப்போது தட்டையான சுவர்கள் ஏராளம். வட்டக் கூரை கட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை இல்லை.